‘வெள்ளைக்காரன்’ என்றால் வெள்ளைக்காரருக்கு நோகுமா?

கொழும்பு கறுவாத்தோட்டப் பகுதியில் ஒரு வெளிநாட்டு அமைப்பின் அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகச் சாரதி வாகனத்தை ஓட்டிக்கொண்டே, வீட்டிலிருந்து வந்த அழைப்புக்கு, “வெள்ளைக்காரனை இறக்கிவிட்டு வருகிறேன்” என்று பதில் சொன்னாராம். பின் ஆசனத்தில் இருந்த ஐரோப்பிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தங்கையின் மேசைக்கு வந்து, “அது என்னை இழிவாகச் சொல்லும் சொல்லா?” என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது, சாரதியிடம் பேச வேண்டுமா, பொதுவாகவே நம்முடைய இந்தச் சொற்களால் வெளிநாட்டவர் புண்படுகிறார்களா என்பவை தங்கையின் கேள்விகள்.

நான் வெள்ளவத்தையில் இருபது வருடங்களுக்கு மேலாக வெளிநாட்டவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தூதரகத்தார், தொண்டு நிறுவனத்தார், ஆய்வு மாணவர்கள், இங்கே திருமணம் முடித்துத் தங்கிவிட்டவர்கள் என்று பல விதமானவர்கள் வந்து படித்திருக்கிறார்கள். வகுப்பு தொடங்கிய மூன்றாம் நான்காம் கிழமையில், தெருப் பேச்சு காதில் ஏறத் தொடங்கும்போது, இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். ‘வெள்ளைக்காரன்’ ஒரு வசைச்சொல் இல்லை. ஆனாலும் அந்த வாகனத்துக்குள், அந்த நேரத்தில், அது மரியாதைக் குறைவாகத்தான் இருந்தது. காரணம் சொல்லின் வாலில் இருக்கிறது.

கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதிக் காட்டுவேன்: வெள்ளைக்காரன், வெள்ளைக்காரர். வேறுபாடு ஒரே ஒரு மெய்யெழுத்து. ஓர் இனத்தாரைப் பொதுவாகப் பேசும்போதும், எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போதும், தமிழில் ‘ன்’ தானாக வந்து விழும். “யப்பான்காரன் செய்த வாகனம், முப்பது வருடம் ஓடும்” என்பதில் இகழ்ச்சி எங்கே இருக்கிறது? ‘தமிழன்’ என்று நாமே நம்மை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். மலையகத்தில் பழைய பாலம் ஒன்றைக் காட்டி, “வெள்ளைக்காரன் கட்டியது, இன்னும் அசையவில்லை” என்று ஒரு பெரியவர் சொன்னால் அது முழுப் பாராட்டு. அதே பெரியவர் தோட்ட முகாமையாளரைப் ‘பெரிய துரை’ என்பார். வெள்ளையர்கள் போய், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பிறகு மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் ‘துரை’ மட்டும் அந்தக் கதிரையை விட்டு இறங்கவில்லை. இன்று அதில் இருப்பவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்.

அப்படியென்றால் அதிகாரிக்கு ஏன் சுருக்கென்று பட்டது? அதே சாரதி அலுவலகத்தின் இலங்கை முகாமையாளரை ஏற்றிக்கொண்டு போயிருந்தால், “சேரை இறக்கிவிட்டு வருகிறேன்” என்றுதான் வீட்டுக்குச் சொல்லியிருப்பார். ‘தமிழனை’ என்றோ ‘சிங்களவனை’ என்றோ சொல்லியிருக்க மாட்டார். முகாமையாளருக்குக் காது கேட்கும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளைக்காரருக்கு விளங்காது என்று நினைத்தார், ‘ன்’ வந்தது. எதிரில் இல்லாதவருக்கு உரிய விகுதியை, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் போட்டதுதான் பிழை. என்னிடம் படித்தவர்களில் இந்தச் சொல்லால் வருந்தியவர்கள் எல்லோரும் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்: தங்கள் நிறத்தைச் சொன்னது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. தாங்கள் அங்கே இருக்கும்போதே இல்லாதவர்கள் போலப் பேசப்பட்டது தைத்தது.

சிங்களத்தில் இதற்கு இணையான சொல் ‘சுத்தா’. கொழும்பில் வாழும் தமிழர்களின் வாயிலும் அது ஏறிவிட்டது. ‘சுது’ என்றால் வெள்ளை. காதலர்கள் ஒருவரை ஒருவர் ‘சுது’ என்று கொஞ்சுவதும் அதே வேர்தான். ஆங்கிலப் பகட்டில் வாழும் உள்ளூர்க்காரரைக் ‘களு சுத்தா’, அதாவது கறுப்பு வெள்ளைக்காரன், என்று குத்துவார்கள். அங்கே குத்து வாங்குபவர் நம்மவர். ‘சுது மஹத்தயா’ என்றால் மரியாதை, ‘சுத்தா’ என்றால் சாதாரணம். முன்னால் ‘பற’ என்ற ஒட்டைச் சேர்த்துவிட்டால் பச்சையான வசை. அந்த ஒட்டின் கனம் என்னவென்று கொழும்புத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘தெமளா’ என்றால் தமிழன். ‘பற தெமளா’ என்று கேட்டவர்களுக்கு அது மறக்காது.

பெண்களின் நிலை வேறு. இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ‘வெள்ளைக்காரர்’ ஆணைத்தான் நினைவுக்குக் கொண்டுவரும். பெண் என்றால் பேச்சில் ‘வெள்ளைக்காரி’ என்றாகிவிடும், அல்லது ‘வெள்ளைக்கார அம்மா’ என்று சுற்றி வளைக்க வேண்டும். சிங்களத்தில் ‘சுத்தி’. பம்பலப்பிட்டியில் தங்கியிருந்த ஆய்வு மாணவி ஒருவர் ஒரு நாள் வகுப்புக்கு வந்து அந்தச் சொல்லைப் பலகையில் எழுதச் சொன்னார். எழுதினேன், பொருளும் சொன்னேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவ்வளவுதானா? அவர்கள் இப்படிச் சொல்லவில்லை” என்றார். மாலையில் அறைக்குத் திரும்பும் வழியில், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தைத் தாண்டும்போதெல்லாம், அந்தச் சொல் இழுத்து இழுத்துப் பின்னால் வருமாம். சிரிப்பும் கூடவே வருமாம். அவர் சொன்னது சரி. அகராதியில் அதற்கு ஒரு குற்றமும் இல்லை. அந்தத் தரிப்பிடத்தில் அது தொல்லை. நம் பெண்பிள்ளைகளைப் பார்த்து விசில் அடிப்பதற்கும் அதற்கும் எந்த வேறுபாடும் கிடையாது. “அது வெறும் சொல்தானே” என்று அவரிடம் சொல்லியிருந்தால் நான் ஆசிரியராக இருக்கத் தகுதியில்லாதவன்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் தருகிறேன். முப்பது வருடமாகக் கல்கிசையில் வாழும் ஒரு முதியவர், பிறப்பால் ஆங்கிலேயர், ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தைச் சந்தைக்கு வருவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். மீன்காரர் அறக்குளா ஒன்றின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம், “இதை எடுத்துவிடாதீர்கள், எங்கள் வெள்ளைக்காரருக்கு வைத்திருக்கிறேன்” என்றார். முதியவருக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: “எங்கள் என்று சொன்னாரே, கவனித்தீர்களா?” அன்று முழுவதும் அவர் முகம் மலர்ந்திருந்தது. முப்பது வருடம் ஆனாலும் பெயரைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்கிறார்களே என்ற குறை அவருக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டார். ஆனால் முன்னால் வந்த ‘எங்கள்’ அந்தக் குறையைப் பெருமளவு ஆற்றிவிட்டது. விலையும் எல்லோருக்கும் சொன்ன விலைதான்.

விலையைச் சொன்னது காரணத்தோடுதான். வெளிநாட்டவர் இங்கே உண்மையாகவே மனம் கசப்பது பெரும்பாலும் அதில்தான். வாகனக் கட்டணத்தை இரண்டு மடங்காகச் சொல்வது, தெருவோர இளநீருக்குத் தனி விலை வைப்பது. சீகிரியாவில் நமக்கு ரூபாயில் டிக்கெட், அவர்களுக்கு டொலரில். அரசு வைக்கும் இரட்டைக் கட்டணத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். வரி கட்டுகிறவர் தன் நாட்டுப் பழஞ்சின்னத்தைக் குறைந்த பணத்தில் பார்ப்பது நியாயம். தெருவில் நடப்பது அந்தக் கணக்கில் சேராது. டிக்கெட் பலகையில் உள்ள ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லைப் போல நாகரிகமான சொல் வேறில்லை, ஆனால் அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களை ‘வெள்ளைக்காரன்’ கேட்டு முகம் சுளித்தவர்களைவிட அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. சிலுவைப் போர்க் காலத்து ‘ஃபிராங்க்’ என்ற பெயரை அராபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அது கிழக்கே நடந்து வந்து தமிழில் ‘பறங்கி’ ஆயிற்று, தாய்லாந்தில் ‘ஃபராங்’ ஆயிற்று. தாய் மொழியில் கொய்யாப்பழத்துக்கும் அதே பெயர். தமிழில் பறங்கிக்காய், பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்று அந்தச் சொல் சமையலறை வரைக்கும் புகுந்தது. ‘பறங்கிப்புண்’ என்று ஒரு நோய்க்கும் போய் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் அது இன்னொரு வழியில் போயிற்று. 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயரிலும் பின்னால் வந்த ஒல்லாந்தரிலும் இருந்து வழிவந்த சமூகத்துக்கு, குடிசன மதிப்பீட்டின் தமிழ்ப் படிவத்திலேயே ‘பறங்கியர்’ என்றுதான் பெயர். மட்டக்களப்புப் பறங்கியரிடம் கேட்டால் தாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். வெளியாருக்கு வைத்த பெயர் உள்ளூர்க்காரரின் சொந்தப் பெயராகிவிட்டது. யவனரைக் குறித்த சொல்லிலிருந்து ‘சோனகர்’ வந்து, இன்று ஒரு சமூகத்தின் பெருமைக்குரிய அடையாளமாக நிற்பதும் அதே வழிதான்.

தலைகீழாகவும் நடக்கும். தாய்லாந்தில் 2020 பெப்ரவரியில், முகக்கவசம் அணியாத ஐரோப்பியரைச் சுகாதார அமைச்சர் ‘ஐ ஃபராங்’ என்று ஏசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். ‘ஃபராங்’ அன்றாடச் சொல்தான், வசையாக்கியது முன்னால் வந்த ‘ஐ’. ஹொங்கொங்கில் வெள்ளையரைக் குறிக்கும் ‘குவைலோ’வுக்கு நேர்ப்பொருள் பேய் மனிதன். அந்தச் சொல்லை வைத்து ஒருவர் தொடுத்த பாகுபாட்டு வழக்கை 2022இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, சொல் மட்டுமே இனஇழிவு ஆகிவிடாது என்றது. வீட்டில் பாசமாகக் கூப்பிடும் நம்முடைய ‘தம்பி’ சிங்களத்தில் ‘தம்பியா’ என்று ஆகும்போது முஸ்லிம்களை இழிவுபடுத்தும் சொல்லாகிவிடுகிறது. உறவுச்சொல் என்ற பிறப்பு அதைக் காப்பாற்றவில்லை.

இவ்வளவு நேரமும் வெள்ளை நிறத்தவரைப் பற்றியே பேசிவிட்டேன். கேள்வியே அப்படித்தான் வருகிறது. ‘எக்ஸ்பட்’, அதாவது பிற நாட்டில் தங்கி வேலை செய்பவர், என்று கொழும்பில் சொல்லும்போது யாரை நினைக்கிறோம்? துறைமுக நகரத்தில் வெயிலில் நின்று வேலை செய்த சீனத் தொழிலாளியை அல்ல. வளைகுடா நாட்டில் இருபது வருடம் உழைத்த நம் வீட்டுப் பெண்களையும் அங்கே யாரும் ‘எக்ஸ்பட்’ என்பதில்லை. வெள்ளைக்காரருக்கு ஒரு சொல் நொந்துவிட்டதா என்று நாம் கவலைப்படுவது நல்ல குணம். ஆனால் நம் வாயில் இருக்கும் வேறொரு சொல்லைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு தமிழரும் வந்து கேட்டதில்லை.

மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஓர் இளைஞர் என்னிடம் படித்தார். ஆர்வம் மிகுந்தவர், வினைச்சொற்களை எல்லோருக்கும் முன்னால் பிடித்துவிடுவார். ஒரு நாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டையிலிருந்து வந்திருக்கிறார். பஸ் நிறைந்திருந்தும் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்ததாம். முன் இருக்கையில் ஒரு குழந்தை அழுதது. அதை அடக்க அதன் தாய், “பேசாமல் இரு, காப்பிலி பிடித்துக்கொண்டு போய்விடுவான்” என்றிருக்கிறார். இளைஞர் வகுப்புக்கு வந்து கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: “பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்பது விளங்கியது. காப்பிலி என்றால் யார்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னேன், மறைக்காமல் சொன்னேன். ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல்லுக்கு நம்பிக்கையற்றவன் என்று பொருள். போர்த்துக்கேயர் அதை ஆபிரிக்கர்களுக்குச் சூட்டி, அடிமைகளோடு சேர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். நம் வாயில் அது காப்பிரி, காப்பிலி ஆயிற்று. நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர் நின்றதே, ஒல்லாந்தர் அந்த ஆபிரிக்க அடிமைகளை அங்கே அடைத்து வைத்ததால்தான். புத்தளம் மாவட்டத்தில் சிறாம்பியடியில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காப்பிரி என்ற பெயரைத் தங்கள் சமூகப் பெயராக ஏற்று, தங்கள் மஞ்சா இசையோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. நமக்கு அந்த உரிமை இல்லை. தென்னாபிரிக்காவில் அதே சொல்லால் கறுப்பினப் பொலிசாரை ஏசிய பெண் ஒருவருக்கு 2018இல் சிறைத்தண்டனை கிடைத்தது. இங்கோ அது குழந்தையை அடக்கும் பூச்சாண்டி. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நம் உறவினர்கள், இனவெறியால் தாங்களே அடிபட்டவர்கள், ‘காப்பிலி’, ‘கறுவல்’ என்று தொலைபேசியில் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ‘வெள்ளைக்காரன்’ என்பதை ‘ர்’ போட்டுச் சரிப்படுத்தலாம். ‘காப்பிலி’யை எந்த விகுதியும் சரிப்படுத்தாது. அதை விட்டுவிட வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. என் பாட்டி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்புக்கு வந்த பிறகு ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டார். அவர் எந்தத் தோணியிலும் ஏறியவர் அல்லர், கடலையே கொழும்பில்தான் முதன்முதல் பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலர் ‘வடக்கத்தியான்’ என்றும் ‘தோட்டக்காட்டான்’ என்றும் சொன்னார்கள். அது இன்னும் ஆழமாகப் போயிற்று, சொன்ன வாய் தமிழ் பேசிய வாய். அந்தச் சொற்களுக்குப் பின்னால் சட்டம் நின்றது: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்து எழுதியது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பாட்டியின் தங்கை அந்தக் கணக்கில் கப்பலேறினார். இருவரும் பிறகு சந்திக்கவில்லை.

அதனால்தான் ஒரு சொல் நோகுமா என்று யாராவது கேட்டால், அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கிறேன். ‘வெள்ளைக்காரன்’ என்று அழைக்கப்பட்டதால் அந்த அதிகாரியின் வீசாவுக்கோ வாடகை வீட்டுக்கோ ஒன்றும் ஆகாது. அவர் மனம் கொஞ்சம் வருந்தியது. அதை ஒரு நல்ல வார்த்தையால் ஆற்றிவிடலாம். ஆபிரிக்க இளைஞருக்குப் பின்னால் காலி இருக்கை வந்தது. என் பாட்டிக்குப் பின்னால் கப்பல் வந்தது.

தங்கைக்கு இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாரதியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதிகாரி முறைப்பாடு செய்தார் என்று தொடங்காதீர்கள், வேலை போய்விடுமோ என்று பயந்துவிடுவார். “அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்குகிறது அண்ணா, ‘சேர்’ என்றே சொல்லிவிடுங்கள்” என்றால் போதும், அவருக்கே வெட்கமாகிவிடும். அதிகாரியிடம் விகுதிக் கதையைச் சொல்லுங்கள். நான் பலகையில் எழுதுவது போல இரண்டு சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வசை இல்லை என்பதையும், ஆனால் அவருக்குப் பட்டது பொய்யில்லை என்பதையும் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் சமாதானமாக மாட்டார்.

பிறகு அவரிடம் ஒன்று கேளுங்கள். அவர் அந்தச் சாரதியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்? இப்படிப்பட்ட அலுவலகங்கள் பலவற்றுக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறேன். வருடக்கணக்காக ஓடும் வாகனங்களில்கூட, பின் ஆசனத்திலிருந்து ‘டிரைவர்’ என்றுதான் குரல் வரும். சாரதி வயதில் மூத்தவர் என்றால் ‘அண்ணா’ என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அந்த ‘ண்’ அவர்களுடைய நாக்குக்கு வளைந்து வர ஒரு கிழமை பிடிக்கும்.